கடவுளும் வேதப் புத்தகமும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் போகிறவர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார், பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போகிறவர் என எல்லார் கையிலும் இருப்பது பைபிள்தான். ஆனால் அந்தப் புத்தகத்துக்கும் கடவுளுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில்கள் ஓரளவு ஒத்துப்போகும், ஓரளவு பிரியும். பிரியும் இடங்களை மூடி மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். வசனங்கள் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

கிறிஸ்தவர்கள் பைபிளைக் கும்பிடுகிறார்களா?

இல்லை. கத்தோலிக்கரின் திருப்பலியில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பெருவிழாக்களில் நற்செய்தி நூலுக்குத் தூபம் காட்டுகிறார்கள், குருவானவர் முத்தமிடுகிறார். சீர்திருத்த சபை வீடுகளில் பைபிளைத் தரையில் வைக்க மாட்டார்கள், அதன்மேல் வேறு புத்தகத்தை அடுக்க மாட்டார்கள். இவையெல்லாம் மரியாதை. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பதில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இயேசுவே இதைப்பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறார். யோவான் 5:39, 40இல், வேதவாக்கியங்களால் நித்தியஜீவன் உண்டென்று எண்ணுகிறீர்களே, அவை என்னைக்குறித்துத்தான் சாட்சி சொல்கின்றன, என்னிடத்தில் வர மட்டும் உங்களுக்கு மனதில்லை என்கிறார். அவர் பேசிக்கொண்டிருந்தது வேதம் தெரியாதவர்களோடு அல்ல. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களோடு.

அப்படியானால் பைபிளை ஏன் "தேவனுடைய வார்த்தை" என்கிறீர்கள்?

அந்தச் சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வருகிறது. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்கும் யோவான் 1:1இல் வார்த்தை என்பது இயேசு கிறிஸ்து. அப்போஸ்தலர் நடபடிகளில் "தேவவசனம் விருத்தியடைந்தது" என்றால் அறிவிக்கப்பட்ட செய்தி. அப்போது புதிய ஏற்பாடு என்று ஒரு புத்தகமே கிடையாது. மூன்றாவதுதான், எழுதப்பட்ட நூல். கடவுள் தம்மை முழுமையாகக் காட்டியது ஒரு மனிதரில், அந்த மனிதருக்குச் சாட்சியாக நிற்பது நூல் என்பது பொதுவான கிறிஸ்தவ நம்பிக்கை. எபிரெயர் நிருபத்தின் முதல் இரண்டு வசனங்கள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன: முன்பு தீர்க்கதரிசிகள் மூலம் பல விதமாகப் பேசினார், கடைசியில் குமாரன் மூலம் பேசினார்.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் சிக்கல். "தேவனுடைய வார்த்தையானது ஜீவனும் வல்லமையும் உள்ளது" என்ற எபிரெயர் 4:12ஐப் பைபிள் உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். அடுத்த வசனத்தைப் படியுங்கள். "அவருடைய" பார்வைக்கு மறைவானது ஒன்றுமில்லை என்று பேச்சு கடவுள்மேலேயே போய் நிற்கிறது.

கடவுள் சொல்லச் சொல்ல மனிதர்கள் அப்படியே எழுதினார்களா?

பெரும்பகுதி அப்படி இல்லை. பத்துக் கட்டளைகள் தேவனுடைய விரலினால் எழுதப்பட்டவை என்று யாத்திராகமம் 31:18 சொல்கிறது. தீர்க்கதரிசிகள் "கர்த்தர் உரைக்கிறார்" என்று சொல்லிப் பேசுகிறார்கள். மற்ற இடங்களில் எழுதியவர்களின் கையும் மூச்சும் தெரிகிறது. லூக்கா தன் முதல் நான்கு வசனங்களிலேயே, எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். பவுல் சொல்லச் சொல்ல ரோமர் நிருபத்தைக் கையால் எழுதியவர் தெர்தியு, 16:22இல் தானே வாழ்த்துச் சொல்கிறார். 2 தீமோத்தேயு 4:13 துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறது. சங்கீதங்கள் இன்னும் வித்தியாசம், அவற்றில் பல மனிதன் கடவுளைப் பார்த்து அழுவதும் கோபப்படுவதும்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான இடம் 1 கொரிந்தியர் 1:14 முதல் 16 வரை. கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார் பவுல். உடனே, ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்கிறார். ஒருவர் சொல்லச் சொல்ல எழுதும்போது, சொல்கிறவருக்கு ஞாபகம் தடுமாறி, அடுத்த வரியில் திருத்திக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. இதை யாரும் அழித்துச் சரிசெய்யவில்லை.

இருந்தும் அந்த எழுத்துக்குப் பின்னால் கடவுளின் செயல் இருக்கிறது என்பதே நம்பிக்கை. வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்ற 2 தீமோத்தேயு 3:16, மனிதர்கள் ஆவியினால் ஏவப்பட்டுப் பேசினார்கள் என்ற 2 பேதுரு 1:21 இரண்டும் அடிப்படை வசனங்கள். எப்படி என்பதில்தான் வேறுபாடு. சொல்லுக்குச் சொல் ஆவியானவர் நடத்தினார் என்பார்கள் பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபையார் பலர். கத்தோலிக்கத் திருச்சபை 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், எழுதிய மனிதர்களும் உண்மையான ஆசிரியர்கள், கடவுளும் ஆசிரியர் என்று இரண்டையும் ஏற்கிறது. எழுத்தாளரின் அறிவு, மொழி, குணம் எதையும் கடவுள் பறித்துவிடவில்லை என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

சம்பந்தர் ஏடு நெருப்பில் வேகவில்லை, வைகையை எதிர்த்துத் திருவேடகம் வரை போனது என்பார்கள். பைபிளுக்கு அப்படி ஏதாவது உண்டா?

மதுரையில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். அனல் வாதம், புனல் வாதம் இரண்டும் சைவ மரபின் சாட்சிகள், அவற்றை எடைபோடுவது இங்கே வேலையில்லை. பைபிளிலும் ஏடு நெருப்பில் போகும் சம்பவம் ஒன்று உண்டு, ஆனால் அது வெந்துபோகிறது. எரேமியா 36ஆம் அதிகாரம். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு மையினால் எழுதிய சுருளை, ராஜா யோயாக்கீம் குளிர்கால மாளிகையில் உட்கார்ந்து கேட்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் போடுகிறான். முழுச் சுருளும் சாம்பல். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. எரேமியா இன்னொரு சுருள் எடுத்துக்கொடுக்க, பாரூக்கு மறுபடி எழுதுகிறார். "இன்னும் அவைகளுக்கொத்த அநேக வார்த்தைகளும்" சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது. தோல் எரியும், மை அழியும், சொன்னவர் மறுபடியும் சொல்வார் என்பது அங்குள்ள எண்ணம்.

இயேசு என்ன புத்தகம் எழுதினார்?

எதுவும் இல்லை. அவர் எழுதியதாகச் சொல்லப்படுவது ஒரே ஓர் இடம், யோவான் 8இல் விரலால் தரையில் எழுதியது. என்ன எழுதினார் என்று சொல்லப்படவில்லை. அந்தப் பகுதியே மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை.

எங்கள் பைபிளில் 66 நூல், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் பைபிளில் 73. கூட்டினார்களா, குறைத்தார்களா?

புதிய ஏற்பாடு இரண்டிலும் 27தான். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடலில் இந்த 27ம் அப்படியே இருக்கின்றன. சண்டை பழைய ஏற்பாட்டில்: சீர்திருத்த சபைப் பைபிளில் 39, கத்தோலிக்கர் பைபிளில் 46. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, 1, 2 மக்கபேயர் ஆகிய ஏழு நூல்கள் கூடுதல். எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில பகுதிகள் கூடும்.

ஆதித் திருச்சபையில் பெரும்பாலோர் படித்தது கிரேக்கப் பழைய ஏற்பாடு. அதில் இவை இருந்தன. யூதர்கள் ஏற்ற எபிரேயத் தொகுப்பில் இல்லை. 5ஆம் நூற்றாண்டிலேயே ஜெரோம் எபிரேயத் தொகுப்பை விரும்பினார், அகுஸ்தீன் கிரேக்கத் தொகுப்பை ஏற்றார். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் இவற்றை எறிந்துவிடவில்லை. படிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்று தனிப்பகுதியாக வைத்தார். 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் இவையும் வேதமே என்று உறுதியாக அறிவித்தது. சீர்திருத்த சபையார் "தள்ளுபடி ஆகமங்கள்" என்பார்கள், கத்தோலிக்கர் "இணைத் திருமுறை நூல்கள்" என்பார்கள்.

கடைக்காரரிடம் "தமிழ் பைபிள்" என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கத்தோலிக்கருக்கு வேண்டியது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, அதிலும் இணைத் திருமுறை நூல்கள் உள்ள பதிப்பா என்று பொருளடக்கத்தில் தோபித்தைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் வந்தது சபையா, புத்தகமா?

மதுரை வரலாறே இதற்கு நல்ல பாடம். இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது தரங்கம்பாடியில், லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு கையால், 1715இல். இடைப்பட்ட நூறு ஆண்டுக்கு மேல் மதுரை மிஷன் கிறிஸ்தவர்கள் அச்சிட்ட வேதம் இல்லாமலே விசுவாசிகளாக வாழ்ந்தார்கள். மந்திரங்கள் எனப்பட்ட ஜெபங்கள், ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி, திருப்பலி, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, இவைதான் அவர்களைத் தாங்கின. நேர்மாறாக, 1834இல் வந்த அமெரிக்க மிஷன் எழுத்தறிவையும் வேதத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் இல்லாமல் சபை இல்லை என்ற நிலை.

கத்தோலிக்கர் வேதமும் திருமரபும் (சபை வழிவழியாகக் காத்துவரும் போதனை) ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்பார்கள். அவற்றுக்கு அதிகாரப்பூர்வமாக விளக்கம் தரும் பொறுப்பு ஆயர்களிடமும் திருத்தந்தையிடமும் இருக்கிறது, ஆனால் அந்தப் பொறுப்பு வேதத்துக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று மேலே சொன்ன 1965 ஏடே கூறுகிறது. சீர்திருத்த சபைகள், சபைதான் வேதத்துக்குக் கீழ்ப்பட்டது, வழிதவறினால் வேதம் அதைத் திருத்தும் என்பார்கள். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் அமைப்புச் சட்டத்தில், இரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் வேதத்தில் உண்டு, விசுவாசத்துக்கு அதுவே உயர்ந்த அளவுகோல் என்கிறது. நடைமுறையில் மரபே இல்லாத சபை எதுவும் இல்லை. ஆராதனை முறை, பாட்டுப் புத்தகம், "எங்கள் பாஸ்டர் இப்படித்தான் விளக்குவார்" என்பது எல்லாம் மரபுதான். ஒப்புக்கொள்ளாத மரபு ஒப்புக்கொண்ட மரபைவிட ஆபத்து என்பது எங்கள் கருத்து.

பைபிளில் பிழையே கிடையாதா?

மூன்று பதில்கள் உண்டு. மூலப் பிரதிகளில் வரலாறு, அறிவியல் உட்பட எதிலும் பிழை இல்லை என்பது ஒன்று. 1978இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷ அறிஞர்கள் இதை அறிக்கையாகவே வெளியிட்டார்கள். நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்பது கத்தோலிக்க நிலை. நம்பத்தகுந்த சாட்சிதான், ஆனால் சாட்சி சொன்னவர்கள் தங்கள் காலத்து மனிதர்கள் என்பது மூன்றாவது. சி.எஸ்.ஐ. போன்ற முதன்மைச் சபைகளின் இறையியல் கல்லூரிகளில் இதை அதிகம் கேட்கலாம்.

சோதித்துப் பார்க்க இரண்டு இடம். யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27:5. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்கிறது அப்போஸ்தலர் 1:18. தாவீதைக் குடிமதிப்பு எடுக்க ஏவியது கர்த்தரின் கோபம் என்கிறது 2 சாமுவேல் 24:1. சாத்தான் என்கிறது 1 நாளாகமம் 21:1. முதல் தரப்பு இரண்டையும் இணைக்க வழி தேடும். மற்றவர்கள், பிற்காலத்தில் எழுதியவர் அதே சம்பவத்தை வேறு கோணத்தில் புரிந்துகொண்டார் என்பார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், முரண்பாடே இல்லை என்று சிறுபிள்ளைகளிடம் அடித்துச் சொல்லாதீர்கள். கல்லூரி விடுதியில் யாராவது இந்த நான்கு வசனங்களைக் காட்டினால், சொன்ன மற்றதெல்லாம் சேர்ந்து சரியும்.

1 யோவான் 5:7 என் பைபிளில் ஒரு மாதிரி, பொது மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி இருக்கிறதே?

பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்ற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, லத்தீன் வழியாக நுழைந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர் வழிவந்த பாடத்தைப் பின்பற்றியது. மாற்கு 16:9-20ம் மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் கிடையாது. திரித்துவக் கோட்பாடு இந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை, கவலை வேண்டாம். யாரோ திட்டம் போட்டு வெட்டினார்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை மட்டும் பரப்பாதீர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பும் வேதம்தானா, மூலமொழிதான் வேதமா?

தமிழில் படித்தாலும் வேதம்தான். எபிரேயமும் கிரேக்கமும் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க, புண்ணிய மொழி என்பதற்காக அல்ல.

புத்தாண்டு இரவில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கடவுள் எனக்கே சொன்னதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் கோளாறு நடக்கும் இடமும் இதுதான். ஆறுதலுக்கு ஒரு வசனம் எடுப்பதில் தவறில்லை. அட்டை அச்சடிக்கும்போது வசனம் இருந்த இடத்திலிருந்து கத்தரிக்கப்படுகிறது. என்ன வெட்டப்பட்டது என்று பார்க்காமல் கடன் வாங்குவதும் கல்யாணம் முடிவு செய்வதும்தான் பிரச்சினை.

கடைச் சுவரில் நிறையப் பார்க்கலாம்: உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும், யோபு 8:7. இதைச் சொன்னது கடவுள் இல்லை. யோபுவின் நண்பர் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்று அதே பேச்சில் 8:4இல் சாடைகாட்டியவர். கடைசியில் 42:7இல் இந்த நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார். பைபிளில் இருக்கும் ஒவ்வொரு வரியும் கடவுள் வாயால் சொன்னதல்ல. லூக்கா 4:10இல் பிசாசும் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறான்.

அடுத்தது உபாகமம் 28:13, "வாலாக்காமல் தலையாக்குவார்". அட்டையில் வராத பாதி, கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனை. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். 44ஆம் வசனம் நீ வாலாயிருப்பாய் என்றே சொல்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

எரேமியா 29:11 இன்னும் நுட்பமானது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குகிறான். எரேமியாவின் கடிதம் அதை மறுக்கிறது: எழுபது வருடம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். கடிதம் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த வருடமே நடக்கும் என்று இந்த வசனத்தைச் சொல்கிறவர் எரேமியாவின் வரியில் அனனியாவின் செய்தியைச் சொல்கிறார்.

ஆகவே அட்டை கையில் வந்தால் மறுநாளே முழு அதிகாரத்தையும் படியுங்கள். பேசுவது யார், கேட்பது யார், ஒருவருக்கா ஒரு ஜனத்துக்கா, நிபந்தனை உண்டா, இந்த நான்கையும் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். அதன் பிறகும் அந்த வசனம் உங்களைத் தேற்றினால் அது நல்ல தேறுதல்.

"கர்த்தர் என்னிடம் சொன்னார்" என்று ஊழியக்காரர் சொன்னால்?

தீர்க்கதரிசனம் இன்றும் உண்டு என்று நம்பும் சபைகளும் அதை வேதத்துக்குச் சமமாக வைப்பதில்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது. 1 கொரிந்தியர் 14:29 மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது. சொத்து, வரன், மருந்தை நிறுத்துவது பற்றி யாராவது அப்படிச் சொன்னால் தனியாக முடிவெடுக்காதீர்கள். சபை மூப்பர் இரண்டு பேர், வீட்டார், மருத்துவ விஷயமானால் டாக்டர் ஆகியோரிடம் கேளுங்கள். சோதிக்கக் கூடாது என்று தடுப்பவர் மேலே சொன்ன வசனங்களுக்கே எதிராகப் பேசுகிறார்.

அடிமைத்தனத்தையும் சாதியையும் நியாயப்படுத்தக்கூட வேதத்தைக் காட்டியிருக்கிறார்களே?

காட்டியிருக்கிறார்கள். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5 அதற்குப் பயன்பட்டது. எதிர்த்தவர்கள் காட்டியதும் இதே வேதம்தான்: எகிப்திலிருந்து விடுதலை, "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற கலாத்தியர் 3:28. எந்த வசனம் எந்த வசனத்துக்கு விளக்கம் தருகிறது என்பதே உண்மையான சர்ச்சை. கிறிஸ்துவை மையமாக வைத்து மற்றதைப் படி என்பது பழைய விதி. அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, ஒடுக்கப்பட்டவர்களின் இடத்திலிருந்து வேதத்தைப் படிப்பதில் பெயர் பெற்றது. எல்லாச் சபையாரும் அதை ஏற்கவில்லை. ஆனால் சாதிக்குச் சாதி தனிக் கல்லறை வைத்திருந்த ஊர்களில் வேத வசனம் எப்படிப் படிக்கப்பட்டது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு வருடத்தில் முழுப் பைபிளையும் படிக்க முடியுமா? எங்கே நின்றுபோகிறது?

66 நூல்களில் 1,189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்றால் வாரத்துக்கு 23, ஐம்பத்திரண்டு வாரத்தில் 1,196. முடிந்துவிடும். ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக நான்காம் வாரக் கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். பலிச் சட்டங்கள், தோல் நோய்ச் சட்டங்கள். ஜனவரி முடிவதற்குள் பெரும்பாலோர் மூடிவைப்பது இங்கேதான். முதல் தடவை படிப்பவர் 16 அதிகாரமுள்ள மாற்கில் தொடங்கி, பிறகு ஆதியாகமம், சங்கீதம், ரோமர் என்று போகலாம். கத்தோலிக்கர் ஞாயிறு வாசகங்களைப் பின்பற்றினால் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று வருடச் சுழற்சியில் வரும். சனிக்கிழமை இரவே மறுநாள் வாசகத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் மறையுரை புரியும்.

எழுத்தறிவில்லாத பாட்டிக்கு வேதம் எப்படி?

வாசித்துக் காட்டுங்கள். பவுலின் நிருபங்களே சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டவைதான்.

கிழிந்த பைபிளை என்ன செய்வது?

பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வராது, அது சரியான கூச்சம்தான். ஆனால் போட்டால் சாபம் வரும் என்பது வேதத்தில் இல்லாத பயம். கத்தோலிக்கர் மந்திரித்த (குரு ஆசீர்வதித்த) பொருட்களைப் போலவே எரித்துச் சாம்பலைப் புதைப்பார்கள், அல்லது அப்படியே மண்ணில் புதைப்பார்கள். சீர்திருத்த சபையிலும் அதையே செய்யலாம், விதி எதுவும் இல்லை. அட்டை மட்டும் போயிருந்தால் பைண்டிங் செய்யும் கடையில் கொடுங்கள். ஓரத்தில் தாத்தா எழுதிவைத்த பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், வெட்டிச் சீர்செய்யும்போது ஓரம் போய்விடும்.